அசருவது வேறு, தூங்குவது வேறு

செப்டம்பர் 4, வியாழன்

வெயில். காற்று. புழுதி. மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை. உழுதுபோட்ட கரிசல் அப்படியே கிடக்கிறது.

டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்திருக்கிறார். பத்து நாள் எழுதி, 15-ஆம் தேதி கொண்டுபோக வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது எழுந்தேன், பகலில் எப்போதெல்லாம் தூக்கம். காலையில் எழுந்தால் தலைவலி என்று போனவனுக்கு வீட்டுப்பாடம். ஐம்பத்திரண்டு வயதில். அந்தத் தாளில் எழுத முடியாததை இந்த உரக்கடை டைரியில் எழுதப்போகிறேன். செண்பகம் இதைத் தொடமாட்டாள். வீட்டுக்காரன் எழுதுகிறான் என்றால் டீசல் கணக்கு என்று நினைப்பாள்.

தாளில் ஒரு கேள்வி: 'வாகனம் ஓட்டும்போது தூங்கியதுண்டா?' இல்லை என்று டிக் அடித்தேன். பொய் இல்லை. சில நேரம் கண் அசரும், அவ்வளவுதான். அசருவது வேறு, தூங்குவது வேறு. இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா.

செப். 5, வெள்ளி

கோவில்பட்டி – நாகலாபுரம். வழக்கம்போல் நாலு நடை.

இரண்டாவது நடையில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். எட்டயபுரத்தில் வெங்காய மூட்டை ஏற்றியது நினைவு இருக்கிறது. அடுத்த நினைவு, நா.புரம் ஸ்டாண்டில் ஹேண்ட் பிரேக் போட்டது. நடுவில் ஒன்றுமே இல்லை. அத்தனை மைல் ரோடு, அத்தனை நிறுத்தம், எதுவும் இல்லை.

கண்டக்டர் மாரியப்பனிடம் சும்மா கேட்பது போல் கேட்டேன்.

"இந்த நடையில கூட்டம் எப்படிலே?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய. நல்ல கூட்டம்லா. கெடை ஆடு குறுக்க வந்து நின்னமே. நீங்கதான அந்த ஆட்டுக்காரர்ட்ட, இன்னைக்கு எங்கன கெடை போடுதீயன்னு கேட்டிய."

"ஆமா ஆமா" என்றேன்.

நிறுத்தியிருக்கிறேன். பேசியிருக்கிறேன். ஆள் இறக்கி ஏற்றியிருக்கிறேன். அப்போது நான் எங்கே இருந்தேன்? ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் யார்? பயமாக இருக்கிறது. எழுதினால் போகும் என்று நினைத்தேன், போகவில்லை.

தாளில்: பகல் தூக்கம் – இல்லை.

வாங்க வேண்டியது: புளிப்பு மிட்டாய் ஒரு பாக்கெட். சுக்கு. முகம் கழுவ தண்ணீர் பாட்டில் பெரியது.

செப். 7, ஞாயிறு

லீவு. ஒன்பதுக்குப் படுத்து ஏழுக்கு எழுந்தேன். பத்து மணி நேரம். எழுந்தபோது அடித்துப் போட்ட மாதிரி உடம்பு. அதே தலைவலி. அதே கனவு: கிணற்றுக்குள் முங்கிக் கிடக்கிறேன், மேலே வெளிச்சம் தெரிகிறது, ஏற முடியவில்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் வாளி நனையக்கூடத் தண்ணீர் கிடையாது. கனவில் மட்டும் குறையே இல்லை.

மச்சான் வந்திருந்தார். செண்பகம் தன் அண்ணனிடம் பெருமை பேசுகிறாள்.

"இவியளுக்கு என்னண்ணே. படுத்தா அஞ்சு நிமிசத்துல குறட்ட. தெருமுக்கு வரைக்கும் கேக்கும். வரம் வாங்கிட்டு வந்த தூக்கம்."

"ஒழைக்க ஆளு தூக்கம் அப்படித்தான் இருக்கும்" என்றார் மச்சான்.

எங்கள் வீட்டில் குறட்டை என்றால் கௌரவம். நானும் சிரித்து வைத்தேன். தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நாலு பேர் பாவம் என்பார்கள். பத்து மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லை என்றால் சோம்பேறி என்பார்கள். யாரிடம் சொல்ல?

செப். 8, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது நடை. மத்தியானம் மூன்றரை இருக்கும். எ.புரம் தாண்டி அந்த நேர் ரோடு. இரண்டு பக்கமும் கரண்டு எடுக்கிற காற்றாடி சுற்றுகிறது. ரோட்டுக்கு மேல் தண்ணீர் ஓடியது. கலங்கல் தண்ணீர், நுரையோடு. ஆழம் தெரியாதே என்று இடது பக்கம் ஒடித்தேன். சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கித் தூக்கிப் போட்டது. பார்த்தால் தண்ணீர் இல்லை. காய்ந்த ரோடு. வெள்ளைக் கோடு.

கண் திறந்துதான் இருந்தது. சத்தியமாக. கண் திறந்திருக்கும்போதே உள்ளே கனவு ஓடியிருக்கிறது.

வண்டி முழுக்கக் கத்தல். முன் சீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறவள். கை நிறைய வளையல். கூட இருந்த அம்மா கேட்டார்: "ஏ டிரைவரண்ணே, பிள்ளத்தாச்சி இருக்கால்லா, பாத்துப் போகக் கூடாதா?"

"மயிலு குறுக்க வந்துட்டும்மா" என்றேன்.

உடனே பஸ் முழுக்க மயிலைத் திட்ட ஆரம்பித்துவிட்டது. "போன வருசம் எங்க உளுந்த பூரா இதுகதான் கொத்திட்டு." "பைக்ல போன எங்க சித்தப்பாவ விழத்தாட்டிட்டு." ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நம்ம பக்கம் எந்தப் பழியையும் மயில் மேல் போடலாம்.

அந்தப் பெண் மட்டும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி இருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். என் மகள் வயசுதான் இருக்கும். நான் செய்தது அயோக்கியத்தனம்.

தாளில்: பகல் தூக்கம் – இல்லை.

செப். 10, புதன்

மத்தியானம் நா.புரம் ஸ்டாண்டில் கடைசி சீட்டில் படுத்தேன். எழுந்து இறங்கினால் மற்ற டிரைவர்கள் சிரிக்கிறார்கள். என் குறட்டையை செல்லில் பிடித்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். 'அண்ணாச்சி டிராக்டர் ஓட்டுதாரு' என்று தலைப்பு வேறு.

நானும் கேட்டேன். முதலில் எனக்கும் சிரிப்புதான். பிறகு குறட்டை நின்றது. பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. காக்கா கத்துகிறது. யாரோ ரெண்டு டீ சொல்கிறார்கள். என் மூச்சு மட்டும் இல்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையை எடுத்தவன் போல ஒரு இழுப்பு. மறுபடியும் டிராக்டர். அந்த இழுப்புக்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

வீட்டில் செண்பகத்துக்குப் போட்டுக் காட்டினேன்.

"இப்படித்தான் நிக்கும். எங்க வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் நிக்கும். அதுவும் குறட்டையில சேத்திதானன்னு நெனச்சேன்" என்றாள். மறுபடி ஒரு தடவை போடச் சொன்னாள். மூச்சு நின்ற இடத்தில் விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை முடிந்து, அடுத்த கை முடிந்து, மறுபடியும் முதல் கை. அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப். 12, வெள்ளி

மிட்டாய் தீர்ந்தது. நாக்கு புண். நாலு நடையும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட்டினேன். யாரோ குறைக்கச் சொன்னதற்கு எரிந்து விழுந்தேன்.

தாளை எடுத்துப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. உண்மையை எழுதினால் வண்டி போய்விடும். வண்டி இல்லாமல் எனக்கு வேறு என்ன தெரியும்? அந்த வளையல் கை வேறு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அலுத்துவிட்டது. எல்லாமே.

செப். 15, திங்கள்

மாற்று டிரைவர் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி. செண்பகமும் வந்தாள். டாக்டரம்மா செல்லில் பதிவைக் கேட்டார். சிரிக்கவில்லை. தாளைப் படித்தார்.

"வண்டி ஓட்டும்போது தூங்குததே இல்லையா?"

"இல்லம்மா."

பேனாவைக் கீழே வைத்தார். அவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சு தெரிந்தவர்.

"கண்ணு அசருமா?"

"அசரும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

செண்பகம் என்னையே பார்க்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துபோன ரோடு, ஓடாத தண்ணீர், வராத மயில்.

"அண்ணாச்சி, நீங்க ராத்திரி சரியாத் தூங்கவே இல்ல. மூச்சு நிக்க நேரமெல்லாம் மூள உங்கள உசுப்பி விடுது. முழிச்சது உங்களுக்கே தெரியாது. ராத்திரி விட்டத பகல்ல பிடுங்கிக்கிடுது. நீங்க அசருததுன்னு சொல்லுதது தூக்கந்தான். சில நேரம் கனவும் சேத்தி."

திருநெல்வேலியில் ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பரிசோதனை செய்வார்களாம். பிறகு மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மிஷின். அதுவரை வண்டியைத் தொடக் கூடாது.

"பொறவு ஓட்டலாமாம்மா?"

"நல்லாத் தூங்கி முழிங்க. அப்புறம் பாத்துச் சொல்லுதேன். எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"ஆடியில இருந்துதாம்மா. ரெண்டு மாசம்."

எழுதிக்கொண்டார்.

செப். 16, செவ்வாய்

மேகம் கூடிக் கலைந்துவிட்டது.

காலையில் முதலாளிக்குப் போன் போட்டேன். இனி வண்டி எடுக்கவில்லை என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"தூங்கிருதேன் மொதலாளி. ஓட்டும்போதே தூங்கிருதேன்."

சாவியை மாரியப்பனிடம் கொடுத்துவிடச் சொன்னார். நேற்று ஓட்டிய டிரைவர் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன்.

மாரியப்பனிடம் விஷயத்தைச் சொல்லிச் சாவியை நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான். படியில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. எனக்காக அழுகிறான் என்று நினைத்தேன்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. நான் கண்ணாடியில உங்க தலையத்தான் பாத்துக்கிட்டே வருவேன். தொங்குச்சுன்னா, எறங்க ஆளு இல்லாட்டியும் விசில் ஊதிருவேன். காலைல பிள்ளைககிட்ட போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு, தெருமுக்குல நின்னு ஒருக்கா திரும்பிப் பாத்துட்டுதான் வருவேன்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதான?"

"இந்த வேலையே நீங்க வாங்கிக் குடுத்தது. உங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

கோபம் வரவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"ஆடியில இருந்துதானலே இப்படி?" என்று கேட்டேன்.

"பொங்கல்ல இருந்து அண்ணாச்சி" என்றான்.