ஏழாம் பெட் சார்ட்

4-7-1994, திங்கள்
மேட்ரன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பெண்கள் வார்டு நர்ஸ் பிரவீனா மேல் விசாரணை. தொண்டாமுத்தூர் பாப்பாயி அம்மாளுக்கு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்காமல் பென்சிலின் போட்டுவிட்டாளாம். உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, எப்படியோ பிழைத்துக்கொண்டார். கூட வேலை செய்கிற மூன்று பேர் விசாரிக்க வேண்டும்: எக்ஸ்ரே ஈஸ்வரமூர்த்தி, லேப் ஜெரோம், நான்.

"ஊட்டுக்காரர்கிட்டக்கூட மூச்சு விடக்கூடாது, அம்மணி" என்றார். சரியென்று கையெழுத்துப் போட்டேன். பதினாலு வருஷ நர்ஸ் சர்வீஸ். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

6-7
ஏன் லேட் என்று வீட்டில் அவர் கேட்டார். மீட்டிங் என்றேன்.

7-7, வியாழன்
முதல் விசாரணை. பிரவீனாவுக்கு இருபத்திரண்டு வயதுதான், ஆனைமலைப் பெண். முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"டெஸ்ட் டோஸ் பாத்தாச்சுன்னு சார்ட்ல எழுதியிருந்துச்சுங்க. அதை நம்பித்தான் ஊசி போட்டனுங்க."

யார் எழுதியது என்று கேட்டோம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தெரியலீங்க" என்றாள்.

"பொய் சொல்லாதே கண்ணு" என்றேன். ஜெரோமோ ஈஸ்வரமூர்த்தியோ அல்ல, நான்.

15-7, வெள்ளி


ரெக்கார்டு ரூமிலிருந்து இன்றுதான் சார்ட் வந்தது. ஈஸ்வரமூர்த்தி வாசித்தார்: டெஸ்ட் டோஸ், நெகட்டிவ். கீழே ஒரு கிறுக்கல். "இது அந்தப் புள்ள அப்பறமா எழுதிச் சேத்ததுங்க. இதுக்கு டிஸ்மிஸ்தானுங்க" என்று என் பக்கம் தள்ளினார்.

என் எழுத்து.

என் எழுத்தேதான். என் இனிஷியல். அன்று ஆள் குறைவென்று அரை மணி நேரம் அந்த வார்டுக்கு அனுப்பினார்கள் — சுத்தமாக மறந்துபோயிருந்தேன். டெஸ்ட் டோஸ் போட்டது எட்டாம் பெட்டுக்கு. எழுதியது ஏழாம் பெட் சார்ட்டில். பாப்பாயி அம்மாள் சார்ட்டில். எப்படி? கண்ணைத் திறந்துகொண்டுதானே எழுதினேன்?

"என்ன சிஸ்டர், டிஸ்மிஸ்தானுங்களா?" என்றார் ஜெரோம்.

"யோசிக்கணுங்க" என்றேன். திங்களன்று முடிவு. பஸ்ஸில் வீட்டுக்கு உக்கடத்தில் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரை போய்விட்டேன்.

16-7
இன்றும் சொல்லவில்லை. லீவு போட்டுப் படுத்திருக்கிறேன். அவர் சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

18-7, திங்கள்
சொல்லிப்போட்டேன்.

மேட்ரன் சார்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளிய இருங்க" என்றார், 'அம்மணி' இல்லாமல். ஈஸ்வரமூர்த்தி பின்னாலேயே வந்தார். "ஏனுங்க சிஸ்டர், நீங்க பேசாம இருந்திருந்தா யாருக்குங்க தெரிஞ்சிருக்கும்?" உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். மூன்று நாளாக நானும் அதையேதானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்?

26-7, செவ்வாய்
புதுக் குழு. நான் நின்றேன், அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரவீனா மேல் தவறில்லை. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஆறு மாதம் ஊசியைத் தொடக்கூடாது, ஓ.பி.யில் டோக்கன் கொடுக்கும் வேலை. பாப்பாயி அம்மாளிடம் உண்மையைச் சொல்லும்போது மேட்ரனோடு நானும் போகவேண்டும். எதையும் மறுக்கவில்லை.

வராந்தாவில் பிரவீனாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க எழுத்துன்னு எனக்கு மொதல்லயே தெரியுங்க அக்கா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"தீர்ப்புச் சொல்ற எடத்துல நீங்களே உக்காந்திருந்தீங்க. நான் சொன்னா யாருங்க நம்புவாங்க?"

22-8, திங்கள்
இன்று இருநூற்றுப் பதினொரு டோக்கன். மத்தியானம் பிரவீனா டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னை எதுக்கு டோக்கனுக்கு மாத்தினாங்க என்று வார்டில் எல்லோரும் அவளைத்தான் குடைகிறார்களாம்.

"நீ என்ன சொன்னே?"

"எனக்கென்னங்க தெரியும்னு சொல்லிப்போட்டேன்" என்று தயிர்சாதத்தைப் பிசைந்தாள்.