இரும்புப் பிடியும் தம்பியின் கையும்

மார்ச் 3

நாள் முழுக்க எங்கள் துப்பாக்கித் தொழிற்சாலையின் மாதிரி அறையில். பழைய தானியங்கிக் கைத்துப்பாக்கிகள், விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகள் விடாமல் பாயும் ரகம். செய்தவர்கள் எல்லோரும் ஒரே தொல்லையோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்: ஆயுதம் இலேசு, வேகம் அதிகம், சுடச்சுடக் குழல் மேலே ஏறும். ஒருவர் மர உறையையே தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையாக்கினார். இன்னொருவர் முன்னால் மடக்குப் பிடி வைத்தார். வேறொருவர் வேகத்தைக் குறைக்கக் கைப்பிடிக்குள் ஏதோ திணித்தார். இப்போது நான் வடிவமைக்கும் துப்பாக்கிக்கும் தோள்கட்டைதான் வரைந்திருக்கிறேன். புதிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை.

மார்ச் 9

தோள்கட்டை போச்சு. மேல்கோட்டுக்குள் மறைய வேண்டுமாம், வாங்குகிறவர்களுக்கு. தலைமை வடிவமைப்பாளரை நாங்கள் 'ரப்பர்' என்போம். வரைபடத்தில் எதையாவது அழிக்காமல் அவர் கை சும்மா இராது. "கட்டையை மட்டும் எடுத்துடும்மா, மத்தது அப்படியே இருக்கட்டும்" என்றார். அதை எடுத்தால் மற்றது எப்படி அப்படியே இருக்கும்? கேட்கவில்லை. எடுத்துவிட்டேன்.

மார்ச் 14

கட்டை இல்லாமல் சோதனை. இலக்கு அட்டையில் துளைகள் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின. ரப்பருக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான், பொய் சொல்வானேன். 20ஆம் தேதி வாங்குகிறவர்கள் முன்னால் கையில் பிடித்துச் சுட்டுக்காட்டப் போவது என் தம்பி. இங்கே சுட்டுப்பார்க்கும் வேலை அவனுடையது.

மார்ச் 17

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. புதுத் துப்பாக்கியை மேசையில் இரும்புப் பிடிக்குள் இறுக்கித்தான் சுடுகிறோம். அதுதான் இங்கே வழக்கம். பிடி அசையாது, குழலும் ஏறாது. அந்த அட்டையில் தெரிந்தது மேசையின் உறுதி! இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தருக்கும் தோணலையே. எனக்கே தோணலையே. கையில் பிடித்து, விசையை விடாமல் எல்லாக் குண்டுகளையும் சுட்டால் — குழல் எழும்பி அவன் முகத்துக்கே திரும்பும்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 18

ரப்பரிடம் சொன்னேன். "அட்டையைப் பாத்தல்ல? கடைசி நேரத்துல குட்டையைக் குழப்பாதம்மா."

தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். "இது முடிஞ்சா சோதனைப் பிரிவுக்கே என்னைத் தலைவனாக்கறேன்னு சொல்லியிருக்கார். கெடுத்துடாத அக்கா."

பயமாயிருக்கு. நான் வரைஞ்ச சாமான்தானே அது?

மார்ச் 19

ஒத்திகை. தம்பி கை நீட்டினான். நான் துப்பாக்கியை ரப்பரிடம் நீட்டினேன். "முதல்ல நீங்க சுடுங்க சார். மூணே மூணு குண்டுதான் போட்டிருக்கேன். ரெண்டு கையாலயும் பிடிங்க."

அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. முதல் குண்டு அட்டையில். இரண்டாவது சுவரில். மூன்றாவது கூரையில். சிமெண்டுத் தூள் அவர் தலையில் கொட்டியது. குழல் அவர் நெற்றிப் பக்கம் சாய்ந்து நின்றது. ரப்பர் நாற்காலி தேடி உட்கார்ந்தார். தம்பி என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

நாளைய காட்சி ரத்து.

ஏப்ரல் 2

ஆர்டர் வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. சோதனைப் பிரிவை மூடிவிட்டார்கள். தம்பிக்கு இனி சரக்குக் கட்டும் இடத்தில் வேலை. என்னோடு பேசுவதில்லை. மாலையில் அவன் மனைவி வந்தாள்.

"உங்க பேரை எடுத்தாலே எரிஞ்சு விழறார் அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க."

"விழட்டும்மா" என்றேன். எரிந்து விழ அவன் இருக்கிறான். முழுசாக இருக்கிறான்.