ஸ்டியரிங் இல்லாத வண்டியில் இரண்டு பேர்

என் பிரியமுள்ள கலியமூர்த்தி,

வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஒருநாள் மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று வளைவில் திணறிக்கொண்டு நின்றது. நீ பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டு, முன் சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பிக் கேட்டாய்: "பாய், ரயிலுக்கு ஸ்டியரிங்கே இல்லியாமே? அப்போ அந்த டிரைவருக்கு இன்னா வேலை?"

நான் அறிவியல் வாத்தியார். கேள்வி என்று வந்துவிட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வராது. "தண்டவாளம் அதுபாட்டுக்கு இழுத்துக்கினு போவும். அவரு சும்மா உக்காந்துகினு போவ வேண்டியதுதான்" என்றேன். "அப்டினா அந்த வேலைய எனக்கு வாங்கிக் குடுங்க பாய், புண்ணியமாப் போவும்" என்று நீ கைகூப்பியதும் பஸ்ஸே சிரித்தது. மலைப் பள்ளிக்கூடத்துக்கு உன் வண்டியில் நான் போய்வந்த அத்தனை வருடங்களில், நான் சொன்ன ஒரு பதிலைக்கூட நீ சந்தேகப்பட்டதில்லை.

அந்தப் பதில் தப்பு, கலியமூர்த்தி. அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்கிறாயா? நானே ரயில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

சிரிக்காதே. முதலில் உன் வீட்டுச் சேதியைச் சொல்கிறேன்.

நீ ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட வீட்டில் உட்காரவில்லை. காலையில் சட்டையை உலர்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன், அப்படியே போய்விட்டாய். அதற்குப் பிறகு உன் அஞ்சலை தையல் மிஷினை வாசல் அறைக்கு மாற்றிக்கொண்டாள். சுகன்யா டிப்ளமோவை முடித்துவிட்டு, பரீட்சை மேல் பரீட்சையாக எழுதினாள். இந்த வருடம் ரயில்வேயிலிருந்து உத்தரவு வந்தது. அசிஸ்டன்ட் லோகோ பைலட். அதாவது ரயில் என்ஜினில் டிரைவருக்குத் துணை டிரைவர். உன் மகள்!

உத்தரவைப் பார்த்ததும் அஞ்சலை என்ன செய்தாள் தெரியுமா? மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒரு டிரைவருக்குக் காத்துக்கினு இருந்ததே இந்த ஜென்மத்துக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பயிற்சியில் சேர ஒன்பது நாள்தான் இருந்தது. சுகன்யா நேராக என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. ஒரு பென்டிரைவ் கொண்டுவந்திருந்தாள்.

"மாமா, இது ரயில் ஓட்டற கேமு. அசல் மாதிரியே இருக்கும். என் வேலை இன்னான்னு இதுல அம்மாவுக்குக் காட்டணும். நான் காட்டினா திரும்பிக்கூடப் பாக்காது. நீங்க கத்துக்கினு காட்டுங்க."

"ஏம்மா, எனக்கு சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாதே."

"அதனாலதான் உங்கள கேக்கறேன். உங்களாலயே முடியுதுன்னா அம்மாவுக்கு பயம் கம்மியாவும்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் மகன் விட்டுப்போன கணினியில் அதை ஏற்றிக் கொடுத்தாள். முதல் பாதை ஏதோ வெளிநாடு. திரும்பிய பக்கமெல்லாம் பனி. நான் கம்பீரமாக உட்கார்ந்து விசையை முழுவதும் ஏற்றினேன். வண்டி அசையவில்லை. கையில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தினேன். ஹாரன் மட்டும் அடித்தது. அடுப்படியிலிருந்து நூர்ஜஹான், "என்னங்க, ரயிலு வூட்டுக்குள்ளயே வந்துடுச்சா?" என்று குரல் கொடுத்தாள். இருபது நிமிடம் பனியில் நின்றபடி ஹாரன் அடித்த பிறகு சுகன்யா பொறுமையாகச் சொன்னாள்: "மாமா, முன்னாடி போவணுமா பின்னாடி போவணுமான்னு நீங்க வண்டிக்குச் சொல்லவே இல்லியே." அதற்கென்று தனியாக ஒரு பிடி இருக்கிறது. அது நடுவில் நின்றால் வண்டி எந்தப் பக்கமும் போகாது. சில மாணவர்களை நினைத்துக்கொண்டேன்.

வண்டி நகர்ந்த அந்த முதல் நொடி! அறுபத்து நான்கு வயதில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பிடியை இரண்டு விரல் அளவு தள்ளினேன், பின்னால் பதினெட்டுப் பெட்டிகள் வந்தன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை ஹாரன் அடித்தேன்.

பிறகு ஸ்டேஷன் வந்தது. பிரேக் போட்டேன். ஸ்டேஷன் போனது. பிளாட்பாரத்தில் மூட்டையோடு நின்றவர்கள் என்னைப் பார்த்தபடி பின்னால் போனார்கள். வண்டி கடைசியில் ஒரு சோளக் கொல்லையில் போய் நின்றது. உந்தம் என்ற பாடத்தை நான் எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! காலி மாட்டுவண்டி, நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி, இரண்டில் எதை நிறுத்துவது கஷ்டம் என்று கேட்டு எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்! என்னை யாராவது எழுப்பிக் கேட்டிருந்தால் பெஞ்சு மேல்தான் ஏறியிருப்பேன்.

மூன்றாம் நாள் நம் பக்கத்துப் பாதை. விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் வழியை யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து செய்திருக்கிறார். நாம் ரயில் ஏறப் போகும் சின்னசேலம் ஸ்டேஷன்கூட இருக்கிறது. நீ பஸ் ஓட்டிய கல்வராயன் மலையைத்தான் காணோம். அந்த இடத்தில் வெறும் வானம். உன்னுடைய அத்தனை வளைவுகளையும் ஒரே துடைப்பில் துடைத்துவிட்டார்கள்.

அந்தப் பாதையில்தான் நான் மானம் கெட்டேன். தூரத்தில் ஒரு லெவல் கிராசிங். கேட் மூடியிருக்கிறது, அந்தப் பக்கம் ஒரு பஸ் நிற்கிறது. நான் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, கேட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்திவிட்டேன். அன்றுவரை அவ்வளவு துல்லியமாக நான் எங்கும் நிறுத்தியதில்லை.

"ஏன் மாமா நின்னுட்டீங்க? சிக்னல் பச்சைதானே?"

"பஸ்ஸு நிக்குதேம்மா. பாவம், அது போவட்டும்."

"மாமா! நாமதான் ரயிலு! நாம போனாதான் அந்த கேட்டே தொறக்கும்!"

சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். உத்தரவைப் பூட்டி வைத்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் என்ன செய்வேன், வாழ்நாள் முழுக்க பஸ்ஸுக்குள் இருந்து கேட்டைப் பார்த்தவன். ரயிலுக்குள் உட்கார்ந்தும் மனசு பஸ்ஸிலேயே இருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ரயில் டிரைவரின் வேலை நிறுத்துவது. கண்ணுக்கே தெரியாத இடத்துக்காக, அரை மைல், ஒரு மைல் முன்னாலிருந்தே நிறுத்த ஆரம்பிப்பது. அதற்குத்தான் சிக்னல். ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு மஞ்சள் விளக்கு என்பது காலாண்டுத் தேர்வு, இப்போதே புத்தகத்தைத் தொடு என்கிறது. ஒரு மஞ்சள் அரையாண்டு, விளையாட்டை நிறுத்து. சிவப்பு முழு ஆண்டு. அதைப் பார்த்த பிறகு படிக்க ஆரம்பித்தால் நடக்குமா? நீ மலையில் செய்ததும் இதுதானே? வளைவைப் பார்த்தா பிரேக் போட்டாய்? பார்ப்பதற்கு முன்பே உன் கால் போயிருக்கும்.

ஏழாம் நாள் மத்தியானம் அஞ்சலை, நூர்ஜஹானின் ரவிக்கையைக் கொடுக்க வந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கணினியையும், பக்கத்தில் மகளையும் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணே, நீங்களும் அவ கட்சிதானா?"

"கட்சி கிட்சி ஒண்ணும் இல்லம்மா. அஞ்சு நிமிஷம் உக்காரு. எப்டி நிறுத்தறேன் பாரு."

அவள் பார்க்கிறாள் என்றதும் பிரேக்கைத் தாமதமாகப் போட்டேன். சின்னசேலத்தைத் தாண்டி நான்கு பெட்டி தூரம் போய் நின்றேன். அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ஏறவேண்டியவங்கல்லாம் உங்கள இன்னா பேச்சு பேசறாங்களோ. நவுருங்க, நான் பாக்கறேன்."

உன் மனைவி ரயில் ஓட்டினாள், கலியமூர்த்தி! முந்தைய ஸ்டேஷனிலிருந்து வண்டியை எடுத்தாள். சின்னசேலம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே விசையை இறக்கினாள். நான், "இன்னும் தூரம் இருக்குதும்மா" என்றேன். "சும்மா இருங்கண்ணே. மிஷின்ல கால எடுத்தா தையல் நின்னுடுதா? சக்கரம் ஓடிக்கினுதானே இருக்கும்" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு நிறுத்தினாள். இரண்டு பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியே இருந்தன. இருக்கட்டுமே! என் சோளக் கொல்லையை நினைத்துப் பார்.

ஆனால் அவள் முகம் மலரவில்லை. நன்றாக ஓட்டியதனாலேயே பயம் கூடிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. "இத்தினி சனத்தையும் பின்னாடி வச்சிக்கினு ஒத்த ஆளா…" என்று முணுமுணுத்தாள். பிறகு திரையைக் காட்டிக் கேட்டாள்: "அந்தப் பக்கம் இன்னொரு சீட்டு இருக்குதே, அது யாருக்கு?"

சுகன்யா தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். "அதான்மா என் சீட்டு. என்ஜின்ல எப்பவும் ரெண்டு பேரு. ஒவ்வொரு சிக்னலையும் நான் பாத்து, கைய நீட்டி, சத்தமா சொல்லணும். டிரைவரு அதத் திருப்பிச் சொல்லணும். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் சும்மா இருக்கக் கூடாது. வழி முழுக்க அப்டிதான்."

"பேசிக்கினே போவணுமா?"

"பேசிக்கினேதான்மா போவணும்."

அஞ்சலை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "உங்கப்பா பக்கத்துல யாரு இருந்தாங்க? கண்டக்டரு பின்னாடி டிக்கெட்டு கிழிச்சிக்கினு நிப்பாரு. மழை வந்துட்டா எனக்கு ஊசியில நூலு கோக்க வராது. அந்த மனுசன் தனியா வளைச்சிக்கினு நிப்பாரேன்னு…" என்று இழுத்தாள். நான் முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். நான் உன் வண்டியில் உலக நியாயமெல்லாம் பேசினேன். ஒரு தடவையாவது பாதையைப் பார்த்துச் சொன்னேனா?

"எடும்மா வண்டிய" என்றாள் சுகன்யா. அஞ்சலை எடுத்தாள். மகள் கையை நீட்டி, "பச்சை!" என்றாள். தாய் பேசாமல் ஓட்டினாள். "திருப்பிச் சொல்லும்மா!" "பச்சை" என்றாள் சன்னமாக. அடுத்து, "ரெண்டு மஞ்சள்!" "ரெண்டு மஞ்சள்!" மூன்றாவது சிக்னலுக்கு இரண்டு பேரும் ஊரே கேட்கக் கத்தினார்கள். நூர்ஜஹான் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாய், உள்ள இன்னா ஏலம் நடக்குதா?" என்று கேட்டார்.

அஞ்சலை போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. எழுந்து புடவையைச் சரிசெய்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். தோளின் அகலத்தைக் கையால் அளந்தாள். "யூனிபார்ம் அவங்களே தச்சிக் குடுப்பாங்களா? அளவு சரியா இருக்காதுடி. துணியா வாங்கிக்கினு வா, நான் தச்சித் தரேன்" என்றாள். சுகன்யா அவளைக் கட்டிக்கொண்டாள். நான் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். கவனிப்பார் இல்லாமல் எங்கள் ரயில் சின்னசேலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது சுகன்யா பயிற்சியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. அஞ்சலை மத்தியானத்தில் வந்து அரை மணி ஓட்டிவிட்டுப் போகிறாள். நான்தான் அவளுக்குத் துணை டிரைவர். ஒரு மஞ்சளைச் சொல்ல மறந்தால், "தூங்கறீங்களாண்ணே?" என்று அதட்டுகிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகள் முதன்முதலாக என்ஜினில் ஏறிப் போகும் ரயில் எதுவோ, அதில் அஞ்சலையையும் நூர்ஜஹானையும் கூட்டிக்கொண்டு நான் ஏறுவேன். என்ஜினை அடுத்த பெட்டியில். வழியெல்லாம் ஜன்னலில் கண் வைத்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

இதை ஓரமாக நின்று படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. அடுத்த முறை யாராவது ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தால், எதிரே தெரிவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

உன் அஞ்சலைக்கு அண்ணனும் அதனால் உனக்கு மச்சானுமான,
தாவூது வாத்தியார்
கள்ளக்குறிச்சி