எண்ணெய் ஒற்றிய இரண்டாம் பக்கம்

மார்ச் 4

ஆஸ்பத்திரிச் சோற்றை அளந்து போடும் என் அன்புத் தங்கச்சி தராசுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது அப்புறம். போன மாதம் நீ எழுதிய கடிதத்தில் முதல் தாளைத்தான் படித்தேன். இரண்டாம் தாளை எடுத்துத் தட்டில் இருந்த பொரித்த முட்டையின் எண்ணெயை ஒற்றிவிட்டேன். செய்தித்தாள் கைக்கு எட்டவில்லை. உன் அண்ணி அதை முட்டை ஓட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

ஆனால் முதல் தாளில் சொன்னபடி சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை நாலையும் விட்டு முப்பது நாள் ஆகிறது. மூன்றாம் வகுப்பு மூளையை வைத்து நானாக ஒன்று சேர்த்தேன்: எண்ணெயும் வேண்டாம். மஞ்சள் கரு தெரு நாய்க்கு, கோழித்தோல் பக்கத்து வீட்டுப் பூனைக்கு. நாயும் பூனையும் பளபளவென்று இருக்கின்றன. நான்தான் காய்ந்த துணி மாதிரி இருக்கிறேன். "அண்ணே, விசில் ஊதினாக்கூட முறைக்கிறீங்களே" என்கிறான் கண்டக்டர்.

நேற்று ஓட்டும்போது கண் இருட்டியது. ஓரங்கட்டிவிட்டேன். "என்னப்பா, பஞ்சரா?" என்று ஒரு அம்மா கேட்டார். "ஆமாம்மா, டிரைவர் பஞ்சர்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

ஜூனில் கம்பெனி உடல் பரிசோதனை. சர்க்கரை இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கி, டிப்போ வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்க உட்கார்த்திவிடுவார்கள். இருபத்தாறு வருஷம் ஓட்டியவன், அடுத்தவன் வண்டிக்குக் கம்பி தூக்குவதா? இரண்டாம் தாளில் என்னம்மா எழுதியிருந்தாய்?

உன் பட்டினி அண்ணன்

மார்ச் 12

அண்ணனுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் தினமும் நூற்றிருபது நோயாளிகளுக்கு அளந்து வைக்கிறேன். ஒருத்தரும் என் உணவுச் சீட்டில் எண்ணெய் ஒற்றியதில்லை. போனில் சொன்னால் கிண்டல் பண்ணியே வைத்துவிடுகிறாய் என்றுதானே மெனக்கெட்டு எழுதினேன்?

அந்தத் தாளில் இருந்தது இதுதான். மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பு எரிப்பதற்கு வேறு ஏதாவது வேண்டும். அதுதான் கொழுப்பு. இரண்டையும் நிறுத்தினால் டீசல் இல்லாத வண்டியை மிதிக்கிற கதைதான். மஞ்சள் கருவை நீ சாப்பிடு. மீன், கடலை, பாதாம் சாப்பிடு, சமையலுக்கு நல்ல எண்ணெய் ஊற்று. திரும்பத் திரும்பக் காய்ச்சிய கடை எண்ணெய் மட்டும் ஆகாது. அளவு உண்டு, பயம் வேண்டாம்.

அதில் கோடு போட்டு எழுதியிருந்தது இன்னொன்று. சர்க்கரை மாத்திரை போடுகிறவன் சாப்பாட்டை மாற்றினால், மாத்திரையையும் டாக்டர்தான் பார்த்து மாற்ற வேண்டும். அவரைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் தொடாதே.

பஞ்சர் ஜோக்குக்கு நாற்பது பேர் சிரித்திருக்கலாம். நான் அழுதேன்.

தங்கை

ஏப்ரல் 9

அன்பான தராசம்மா,

டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கி ஒரு வாரம் வீட்டில் உட்காரச் சொன்னார். தலைசுற்றல் போயேபோச்சு. மஞ்சள் கருவை நான் தின்பதால் நாய் என்னோடு பேசுவதில்லை.

உன் அண்ணி கொழுப்புக்கு என்று வெண்ணெய் வாங்கினாள். வெறும் வெண்ணெயை மனுஷன் எப்படித் தின்பான்? அது தடவுவதற்கென்றே பிறந்த சாமான். ஒரே ஒரு துண்டு ரொட்டி எடுத்தேன். வெண்ணெய் மிஞ்சியது, இன்னொரு துண்டு எடுத்தேன். பிறகு ரொட்டி மிஞ்சியது, வெண்ணெய் எடுத்தேன். இப்படியே பத்து நாள் இழுத்துவிட்டது. வீட்டு மிஷினில் சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறி நிற்கிறது.

கொழுப்பு சாப்பிடச் சொன்னது நீ. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

அண்ணன்

ஏப்ரல் 17

அண்ணா,

ரொட்டியில் இருக்கிறது.

கொழுப்பு சோற்றுக்கும் ரொட்டிக்கும் பதிலாக. அதற்கு மேலே பூசுவதற்கு இல்லை. இதைவிடச் சின்னதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்பா கடைசி இரண்டு வருஷம் சர்க்கரையில் பார்வை போய், நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே "யாரது?" என்று கேட்பார். உனக்கு அப்போது வெளியூர் வண்டி. ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னது நான். இன்னொரு தடவை என்னால் முடியாது. இனி எழுத மாட்டேன்.

மே 11

தங்கச்சி,

கிண்டல் இல்லாமல் எழுதுகிறேன். ரொட்டி டப்பாவில் இப்போது ஸ்பேனர் வைத்திருக்கிறேன். மதியத்துக்கு வேகவைத்த காய், மேலே ஒரு கரண்டி வெண்ணெய், ஒரு முட்டை. சாயங்காலம் ஒரு பிடி பாதாம். பசி வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

அப்பா உன்னிடம் அப்படிக் கேட்டதை நீ யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வரி போடு.

அண்ணன்

மே 20

பரிசோதனை முடிந்ததும் சர்க்கரை எண்ணை எழுது. வேறு எதுவும் எழுதாதே.

ஜூன் 6

அன்புத் தங்கச்சிக்கு,

எண்: நூற்றுப் பன்னிரண்டு. பாஸ். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், கண்ணும் சோதித்துவிட்டார். கடைசி வரியில் இருக்கிற பொடி எழுத்துவரை படித்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் யாரென்று கேட்க மாட்டேன். வா.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். இருந்தாலும் இது உனக்குத் தெரிய வேண்டும். சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்கு நடந்தேன். மதியக் காய்க்கான வெண்ணெய்ப் பொட்டலமும் அதே பையில் இருந்தது. வெயில். கிளார்க் எண்ணெய் ஊறிய தாளில் சீலை மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். "இதுல சீல் ஒட்ட மாட்டேங்குதுண்ணே" என்றார்.

புதுத் தாள் திங்கட்கிழமை வரும். அதுவரை டிப்போ வாசலில் கம்பி தூக்குகிறேன்.

உன் அண்ணன்