நெஞ்சுவலி சொல்லப் போன இடத்தில்

1963 ஆடி, வெள்ளிக்கிழமை, இரவு

கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வைத்து, மன்றாடித்தான் இவரை இன்று ஓர்ஸ் ஹில் டாக்குத்தரிடம் கூட்டிப் போனேன். கொஞ்சத் தூரம் நடந்தாலே இவருக்கு நெஞ்சைப் பிடிக்கிறது.

"என்ன செய்யுது?" என்று டாக்குத்தர் கேட்டார்.

"துறைமுக ஜெட்டியில பாரம் தூக்கேக்கதான் ஐயா..." என்று இவர் ஒழுங்காகத்தான் தொடங்கினார். பாரத்திலிருந்து கிரேனுக்குப் போனார். கிரேனிலிருந்து கப்பலுக்கு. பிறகு கப்பலில் வந்த குரங்குக்கு. அது கங்காணியின் தொப்பியைப் பறித்த இடத்தில் டாக்குத்தர் குலுங்கிச் சிரித்தார். நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயைக் கழுத்தை விட்டு எடுக்கவேயில்லை. களைப்புக்கு ஒரு டொனிக் எழுதித் தந்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பெரிய மனிதர் சிரிக்கும்போது எப்படிக் குறுக்கே பேசுவது?

வெளியே வந்ததும், "நெஞ்சுக் கதையைச் சொல்லேல்லையே, ஏனப்பா?" என்று கேட்டேன்.

"அதை விடும். அந்தா போகுது புல்மோட்டை பஸ். அந்த டிரைவற்ற கலியாணக் கதை தெரியுமே உமக்கு?"

தெரியாது என்றேன். வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ஒவ்வொரு வேலியாகப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி முடித்தார்.

நானும் சிரித்துவிட்டேன்.