இடக்கை வரைந்த முகங்கள்

கெல்சென்கிர்ச்சன்
9.2.1986

அன்பின் றீற்றாவுக்கு,

நீர் தை மாதம் எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. இங்கே குளிரைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. அகதி வழக்கில் வென்றதும் உம்மை இங்கே கூப்பிடுவதற்கான படிவத்தை அனுப்பினேன், உமது கையெழுத்துக்காக. அதைப் பற்றி நீர் ஒரு வரிகூட எழுதவில்லை. வழியில் தொலைந்ததோ?

எனக்கு ஒரு பழைய தேவாலயத்தோடு ஒட்டிய சிறிய அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சுச் செபப்புத்தகம் இருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழசு. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தாளெல்லாம் கன்றுத்தோல். யாரோ ஒரு பிரபுவின் மனைவிக்காகச் செய்ததாம். ஒரு நாளில் எட்டுத்தரம் செபிக்க அதில் செபங்கள் உண்டாம். உங்கள் வேதத்தில் இவ்வளவு செபமிருப்பது எனக்குத் தெரியாது.

பொறுப்பாளர் லோமன் அம்மா திங்கட்கிழமைகளில் பெட்டியைத் திறந்து ஒரு பக்கம் புரட்டுவார். நான் தும்புத்தடியோடு பக்கத்தில் நிற்பேன். படங்களின் நீலம் ஆப்கான் மலைக் கல்லை அரைத்து எடுத்ததாம். பொன் உண்மையான பொன். ஒட்டிவிட்டு நாயின் பல்லால் தேய்த்து மினுக்குவார்களாம். கடைப்பலகைக்கு எனாமல் அடித்த எங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

ஒரு பக்கத்தின் ஓரப்படத்தில் ஒரு போர்வீரன் நத்தைக்கு முன்னால் வாளைப் போட்டுவிட்டு நடுங்குகிறான். ஏனென்று கேட்டேன். படித்தவர்களுக்கே விளங்கவில்லையாம். உமக்குத் தெரியுமா?

அன்புடன்
சிறீதரன்


பாசையூர்
4.3.1986

அன்பின் அத்தானுக்கு,

கோட்டை ஆமி முகாமிலிருந்து ஷெல் விழுவதும் நாங்கள் ஓடுவதும் திரும்பி வருவதும் வழக்கமாகிவிட்டது. நான் நலம். போன கிழமை ஒரு தையற்கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தேன்.

நத்தையைப் பற்றிக் கன்னியர்மடத்துச் சிசிலி சிஸ்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, தனக்கும் தெரியாது என்றார். எனக்கென்னவோ, நாள் முழுக்க அர்ச்சிஷ்டவர்களின் முகத்தையே கீறி வரைந்தவருக்கு அலுத்துப்போயிருக்கும், ஓரத்திலாவது கொஞ்சம் விளையாடிப் பார்த்திருப்பார் என்று படுகிறது.

அதைக் கீறியவர் யார்? ஒருவரா, பலரா? பெயர் எங்காவது போட்டிருக்கிறதா? கட்டாயம் கேட்டு எழுதுங்கள்.

படிவம் தொலையவில்லை. அலுமாரிக்குள் இருக்கிறது.

றீற்றா


கெல்சென்கிர்ச்சன்
6.4.1986

அன்பின் றீற்றாவுக்கு,

பெயர் எங்கும் இல்லை. ஆராய்ச்சிக்காரர் தாங்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'நீல முக்காட்டு ஆசான்'. நல்ல முகமெல்லாம் ஆசானுடையது. பூவும் கொடியும் நத்தையும் அவருக்குக் கீழே வேலை செய்த கையாளுடையது. நூல்களில் இப்படித்தான் எழுதியிருக்கிறதாம்.

இந்தத் திங்கள் நடந்ததைக் கேளும். புரட்டிய பக்கத்தில் மாதாவும் வானதூதரும். மாதாவின் கன்னத்து நிழலை மயிரிழை போன்ற கோடுகளால் போட்டிருக்கிறது. அந்தக் கோடுகள் இடமிருந்து வலமாகக் கீழே சாய்கின்றன. தூதரின் முகத்தில் சாய்வு மறுபக்கம். எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் லோமன் அம்மாவிடம் சொன்னேன், மாதாவைக் கீறியது இடக்கை என்று. துப்புரவுக்காரனுக்கு எப்படித் தெரியும் என்பதுபோலப் பார்த்தார். ஒன்பது வருடம் இடக்கைக்காரி ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்தவன், அவர் என் இடப்பக்கம் இருக்காவிட்டால் முழங்கை இடிக்கும் என்று விளக்கினேன்.

பூதக்கண்ணாடி கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பக்கம் பக்கமாகப் பார்த்தோம். நத்தையைக் கீறியதும் அதே இடக்கை. மிகச்சிறந்த முகங்களும் அந்தக் கைதான். கையாள் என்று ஒதுக்கப்பட்டவருடைய கை! லோமன் அம்மா இதை எழுதி வெளியிடப் போகிறார்.

படிவத்தில் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை?

சிறீதரன்


பாசையூர்
2.5.1986

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒருவருக்கு நியாயம் கிடைக்கச் செய்திருக்கிறீர்கள். சந்தோசம்.

எங்கள் பங்குக் கோவில் பீடத்தில் மாதாவின் தாயார் அன்னம்மாளின் படம் இருக்கிறது, நீங்கள் கீறத் தொடங்கியது. நீங்கள் காய்ச்சலாய்க் கிடந்த பத்து நாளில் அந்த முகத்தையும் கைகளையும் நான்தான் கீறி முடித்தேன். திறப்பு விழாவில் ஆயர் ஆண்டகை உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, "இந்த முகம் ஆருடைய வேலை?" என்று கேட்டார். "என்ரைதான்" என்றீர்கள். நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நாலு வருடமாக அந்தப் பீடத்துக்குக் கிட்டப் போவதில்லை.

கோபத்தில் எழுதவில்லை. படிவத்தை எடுக்கும்போதெல்லாம் அங்கே வந்தும் உங்கள் இடப்பக்கம் பேரில்லாமல் இருக்கத்தானா என்று யோசனை வருகிறது, திரும்ப வைத்துவிடுகிறேன்.

அந்த இடக்கைக்காரர் உயிரோடிருந்தபோது அவர் வேலையைப் பார்த்து மற்றவரைப் புகழ்ந்திருப்பார்கள்தானே. அவர் என்ன செய்திருப்பார்? அது எங்கும் எழுதியிருக்காது.

றீற்றா


கெல்சென்கிர்ச்சன்
1.6.1986

றீற்றா,

நான் பொய் சொன்னேன்.

சைவக்காரன் ஒருவன் வேதக் கோவில் படம் கீறினான் என்று சனமெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அன்றிரவே உம்மிடம் சொல்லியிருந்தால் சின்ன விசயம். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அது பெருத்துக்கொண்டு போனது. நீர் மறந்திருப்பீர் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

பங்குத்தந்தை இராசலிங்கம் சுவாமிக்கு உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். பிரதி இத்துடன்.

படிவத்தைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன்.

சிறீதரன்


பாசையூர்
7.7.1986

அன்பின் அத்தானுக்கு,

ஞாயிறு பூசை முடிய இராசலிங்கம் சுவாமி உங்கள் கடிதத்தைச் சபையில் வாசித்தார். எழுதுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கால் தன்பாட்டில் பீடத்தடிக்குப் போனது.

முகம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் நினைத்ததைவிட நன்றாக. ஆனால் அன்னம்மாளின் இடக்கைப் பெருவிரல் பிழை. வேறு யாருடைய கையிலிருந்தோ எடுத்து ஒட்டியதுபோல நீண்டு நிற்கிறது. நாலு வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. சுவாமியிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓம் பிள்ளை, பிழைதான். ஏணி பின்னுக்குக் கிடக்கு, ஏறித் திருத்துங்கோ" என்றார். கீழே என் பெயரை எழுதட்டோ என்றும் கேட்டார். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

படிவத்தில் கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

பாதை பூட்டியிருப்பதால் கொழும்பிலிருந்து எண்ணெய்ச்சாயம் வரச் சுணங்கும். பெருவிரல் சரிவந்து, சாயம் காய்ந்து, நான் ஏணியால் இறங்கும்வரை பயண நாள் குறிக்கவேண்டாம்.

அன்புடன்
றீற்றா