மேடை இல்லாத இடம்

உ

அல்சூர்,
11 டிசம்பர் 2025

சுப்புலக்ஷ்மிக்கு,

சௌக்கியமா என்று கேட்டால், 'எட்டு வருஷமாக இல்லாத அக்கறை இப்போது என்ன' என்பாய். அதனால் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் நானாக எழுத ஆசைப்பட்டதும் இல்லை. என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். நம் பெண்ணோ, "அப்பா, உனக்கும் அம்மாவுக்கும் நடுவுல நான் போஸ்ட்மேன் வேலை பார்த்தது போதும். இனிமே ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோக மாட்டேன். லெட்டர் எழுதிக்கோங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். அம்ருதா தன் கல்யாண ரிசப்ஷனுக்குப் பேசி வைத்திருக்கும் இடத்தை நேற்றுப் போய்ப் பார்த்தேன். லாங்ஃபோர்ட் டவுனில் ஒரு பழைய குடோன். அதற்கு வெள்ளையடித்து, கம்பியில் பல்பு தொங்கவிட்டு, 'லாஃப்ட்' என்று பெயர் வைத்து, ஓவியக் கண்காட்சி நடத்துகிறார்கள். நுழைந்ததும் சுவரில் தலையில்லாத ஒரு பெண்பிள்ளையின் படம். மாடிக்கு இரும்புப் படி. சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக, ஏறினால் காலுக்குக் கீழே தரை தெரிகிறது. இலை போட்டுச் சாப்பாடு கிடையாது. கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட வேண்டும். நாதஸ்வரம் வாசித்தால் படங்கள் அதிருமாம். மானேஜர் ரெமிஜியஸ் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

எல்லாவற்றுக்கும் மேலே, மேடை இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். "அவங்க சுத்திட்டே இருப்பாங்க சார்" என்கிறான். கல்யாணப் பெண் என்ன ஓட்டல் சர்வரா, சுற்றிக்கொண்டே இருக்க?

காலையில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்து, சாயங்காலம் ரிசப்ஷன், அவ்வளவுதான் கல்யாணம் என்றாள். ஹோமம் வேண்டாம், கன்யாதானம் வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை அச்யுத் நல்ல பையன், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று வாயை மூடிக்கொண்டேன். இதற்கும் மூட முடியாது. இது அவள் புத்தி இல்லை, உன் புத்தி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவள் நீதானே?

ஏரிக்கரை ஹாலில் பேசி வைத்துவிட்டேன். நல்ல அகலமான மேடை. பெண்ணைப் பெற்றவன் நிற்க ஒரு மேடை வேண்டும். உன் பெண்ணிடம் சொல்லி வை.

சுந்தரேசன்


தொம்மலூர்,
16 டிசம்பர் 2025

திரு. சுந்தரேசன் அவர்களுக்கு,

பிள்ளையார் சுழி போட்டுச் சண்டையை ஆரம்பித்த ஒரே மனிதர் நீங்கள்தான். நான் சௌக்கியம். கேட்காததற்கு நன்றி.

அந்த இடத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லை. இரும்புப் படி, தலையில்லாத படம் எல்லாம் உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் பெண் செய்தது பிடித்தால் அவள் உங்கள் பெண், பிடிக்காவிட்டால் என் பெண். இது புதுசில்லை.

ஆனால் மேடை என்ற வார்த்தையை எனக்கு எழுத உங்கள் கை எப்படித் துணிந்தது? ப்ரஹ்லாதின் ரிசப்ஷன் மறந்துவிட்டதா? நம் பிள்ளையின் கல்யாணம். மேடையில் ஒரு பக்கம் சம்பந்திகள், ஒரு பக்கம் நாம். என் மனிதர்கள் வரிசையில் வரும்போதெல்லாம் உங்களுக்குத் தாகம் எடுத்தது. என் அண்ணா ஏறினார். "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று இறங்கினீர்கள். உங்கள் அக்கா ஏறினார்; தாகம் தீர்ந்து திரும்பி வந்தீர்கள். என் சித்தப்பா வந்தார், மறுபடியும் தாகம். எதற்காக? அண்ணா தன் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டார் என்பதற்காக. அந்த ஒரு போனுக்காக என் குடும்பத்தையே தள்ளி வைத்தீர்கள்.

கடைசியில் என் அக்காவும் வெங்கடகிருஷ்ணன் அத்திம்பேரும் ஏறியபோது உங்கள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, "உன் ஆத்து மனுஷாளோட நின்னு பல்லைக் காட்டணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்றீர்கள். பின்னால் மெல்லிசைக்காரர்களின் மைக் அணைக்காமல் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது. பரிசுப் பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அத்திம்பேர் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த மேடையிலிருந்து இறங்கினவள் உங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது அகலமான மேடை பார்த்து வைத்திருக்கிறாராம்!

சுப்புலக்ஷ்மி


அல்சூர்,
22 டிசம்பர் 2025

சுப்புலக்ஷ்மிக்கு,

தபாலாபீஸில் கவுண்டரில் இருக்கும் பெண், விலாசத்தைப் பார்த்துவிட்டு "தொம்மலூர் இல்லே ஹத்ரானே சார்" என்று சிரிக்கிறாள். பக்கத்தில் இருப்பது எனக்கும் தெரியும்.

நான் சொன்னதை மட்டும் எழுதினாய். நீ செய்ததை எழுதவில்லை. நீ இறங்கிப் போனபிறகு அந்த மேடையில் நான் தனியாக நின்றேன். சம்பந்திகள் முன்னால், வந்தவர்கள் எல்லோரும் "மாமி எங்கே, மாமி எங்கே" என்று கேட்கக் கேட்க, "தலைவலி" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். மைக்கில் எல்லாம் காதில் விழுந்தவர்களும் வேண்டுமென்றே கேட்டார்கள். உனக்கு ரோஷம் இருந்தது, போனாய். நான் எங்கே போவது?

வளர்த்த பெண்ணை நாலு பேர் அறிய நின்று கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. ஏரிக்கரை ஹால் என்றால் வருகிறேன். இல்லையென்றால் அந்தக் குடோன் வாசலில் என் நிழல்கூட விழாது. அம்ருதாவிடமும் சொல்லிவிட்டேன். "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டாள். அப்பா வராவிட்டால் சரியாமா?

மேடை மேடை என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்காதே. சொல்ல மாட்டேன்.

சுந்தரேசன்


தொம்மலூர்,
6 ஜனவரி 2026

அம்ருதாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கோபத்தில் அம்ருதாவை இழுத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தது முதல் எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. எல்லோர் மேலும் இருக்கிறது.

இடம் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் ரெமிஜியஸ் ஒரு பிளானை மேஜைமேல் விரித்தார். அம்ருதா போட்டுக் கொடுத்ததாம். கீழ்த்தளத்தில் 'அப்பா', மேல்தளத்தில் 'அம்மா' என்று எழுதியிருந்தது. கீழே உங்கள் மனிதர்கள், மேலே என் மனிதர்கள். இரண்டு இடத்திலும் தனித்தனிச் சாப்பாடு, தனித்தனி போட்டோகிராபர். அச்யுத்தும் அவளும் படி ஏறி இறங்கி இரண்டு கூட்டத்தையும் பார்த்துக்கொள்வார்கள். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே வேணாம் மேடம், அதுக்காகத்தான் இந்த லாஃப்டை எடுத்தாங்க" என்று அந்த மனிதர் எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

அங்கேயே கத்தினேன். படம் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் பெண் பதிலுக்குக் கத்தினாள். "மேடை வெச்சா ஒண்ணு அப்பா இறங்குவார், இல்லேன்னா நீ இறங்குவே. யார் எப்போ இறங்கப்போறான்னு பார்த்துண்டே என்னால சிரிச்சுண்டு நிக்க முடியாதும்மா! கன்யாதானம் எதுக்கு வேண்டாம்னேன்? எனக்கு மட்டும் அப்பா மடியில உக்காரணும்னு ஆசை இல்லையா? நான் அப்பா மடியில உக்காந்தா நீ பக்கத்துல நின்னு தீர்த்தம் விடணும். நிப்பியா?"

இந்தக் காலத்துப் பெண் என்று வாயை மூடிக்கொண்டதாகப் பெருமையாக எழுதினீர்களே. ஃபேஷன் இல்லை அது. நமக்குப் பயந்து தன் கல்யாணத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தூக்கிப் போட்டிருக்கிறாள். நம் சண்டைக்கு வசதியாக மாடி வைத்த கட்டிடம் தேடியிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது எனக்கு. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

மேடை எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் மனிதர்கள் வரும்போது இந்தத் தடவை இறங்காமல் நிற்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும், போட்டோவில் விழ வேண்டும். அதுதானே? அதை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும் உங்களுக்கு? மேடை போட்டால்தான் நிற்க வருமா? தரையில் நிற்க வராதா?

அந்த இரும்புப் படியின் அடியில் நில்லுங்கள். அங்கே கேமரா கிடையாது. அக்காவும் முட்டி வலிக்கிற அத்திம்பேரும் வரும்போது "வாங்கோ" என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய் அழையுங்கள். போனில் அழைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

முடியாவிட்டால் ஏரிக்கரை மேடையில் நீங்கள் மட்டும் போய் நின்றுகொள்ளுங்கள். பழக்கமானதுதானே.

சுப்புலக்ஷ்மி


அல்சூர்,
17 ஜனவரி 2026

சுப்புவுக்கு,

கடைசி வரியை நீ எழுதியிருக்க வேண்டாம். படித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. வீட்டில் பேச யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

தை பிறந்ததும் முதல் வேலையாக ஜெயநகரில் உன் அக்கா வீட்டுக்குப் போனேன். உன் அத்திம்பேர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். வாசலிலேயே நின்றேன். திரும்பிவிடலாம் என்று செருப்பில் காலைக்கூட நுழைத்தேன். கோபம் எனக்கும் வரும், தெரியுமல்லவா? அதற்குள் உன் அக்கா வந்து உள்ளே கூப்பிட்டாள். காப்பி கொடுத்தாள். பத்திரிகையை நீட்டினேன். வாங்கவில்லை.

"குங்குமம் எங்கே?" என்றாள்.

"நான் ஆம்பளை, குங்குமத்தை எப்படி நீட்டறது?" என்றேன்.

"அதான் சொல்றேன். கல்யாணத்துக்கு அழைக்கறதுன்னா ஆம்படையான் பெண்டாட்டி ரெண்டு பேரா வந்து அழைக்கணும். ஒத்தையா வந்து அழைக்கறது அழைப்பே இல்லை. போய் அவளைக் கூட்டிண்டு வாங்கோ, வாங்கிக்கறேன்" என்று பத்திரிகையை என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டாள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த வாய் எங்கிருந்துதான் வந்ததோ.

ஏரிக்கரை ஹால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரெமிஜியஸைப் பார்த்து அந்தப் பிளானில் 'அப்பா', 'அம்மா' என்று இருந்ததை அடிக்கச் சொன்னேன். படிக்கு அடியில் இரண்டு நாற்காலி கேட்டிருக்கிறேன், வெங்கடகிருஷ்ணனின் முட்டிக்காக. நீ நினைப்பதுபோல உனக்காக ஒன்றும் செய்யவில்லை. என் பெண் ஒரு மாலை முழுக்கப் படி ஏறி இறங்குவதை என்னால் பார்க்க முடியாது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் உன் வீட்டு வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். வெள்ளிக் குங்குமச் சிமிழ் உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்துவா. முதலில் ஜெயநகர். அடுத்து உன் அண்ணா வீடு. அதற்கப்புறம் என் அக்கா வீடு. அவள் உன்னைப் பார்த்ததும் எதையாவது சொல்லத்தான் போகிறாள். நீயும் திருப்பிச் சொல், நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் அவள் பேச ஆரம்பித்ததும் தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போகாதே. தாகம் எடுத்தால் என்னிடம் சொல். ஆட்டோவில் பாட்டில் வைத்திருக்கிறேன்.

சுந்தரேசன்